கை சொன்னதைச் சொல்

போன ஆகஸ்டில் நெவில் ட்ரெலோரைப் புதைத்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் அவனுடைய கையைப் பற்றித்தான் பேசினார்கள். மெஷினே வேண்டாம், டயரைத் தடவிப் பார்த்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என்றார்கள். நான் சீஸும் கேரட்டும் துருவிப் போட்ட ஒரு சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கோரல் பிக்கெட் பேசாமல் இருக்கிறாளே, உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையில் அவனுடைய கடைசி இரண்டு வருடம் டயரைத் தடவியது அவன் கை இல்லை, என் கை. அதை அங்கே எப்படிச் சொல்வது?

புரோக்கன் ஹில்லில், ஆக்சைடு தெரு டயர் கடையில், இருபத்திரண்டு வருடம் நான் கவுண்டரில் இருந்தேன். வண்டி அட்டை எழுதுவது, போன் எடுப்பது, திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டுவது எல்லாம் என் வேலை. நெவில் உள்ளே வீல் அலைன்மென்ட், பேலன்சிங் பார்ப்பான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நல்ல உயரம், பேச்சு குறைவு, கை மட்டும் மண்வெட்டி மாதிரி அகலம்.

வண்டி உள்ளே வந்ததும் முதலில் முன் டயருக்குப் பக்கத்தில் மண்டி போடுவான். தரையைத் தொடும் பரப்பின் குறுக்கே உள்ளங்கையை உள்பக்கம் தள்ளுவான். அப்புறம் அதே கையை வெளிப்பக்கம் இழுப்பான். போகும்போது வழுவழு என்று போய், வரும்போது வெட்டினால், முன்சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். மாற்றி வெட்டினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. இவ்வளவையும் தடவிச் சொன்ன பிறகுதான் மெஷினை மாட்டுவான். மெஷின் அவனை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

வடக்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் டட்லி ஸ்கோபிள் வந்தால் கடையே கலகலப்பாகிவிடும்.

"என்னப்பா நெவில், கைரேகை பாத்தாச்சா? எனக்கு ரெண்டாம் கல்யாணம் உண்டா?"

"மண் ரோட்டுல ஆடு தாண்டாம போட்டிருக்கிற மூணாவது இரும்புக் கிராதியில எண்பது வேகத்துல ஏறியிருக்க."

"யோவ், அபாண்டமா சொல்லாத. எழுபத்தஞ்சுதான்."

"அப்ப ரெண்டாம் கல்யாணம் கிடையாது. மொதல்ல ஸ்டியரிங் ராடை மாத்து."

நெவிலின் மனைவி கிளெனிஸ் நூலகத்தில் வேலை பார்த்தாள். குருவி மாதிரி சின்ன உருவம், ஆனால் அந்த வீட்டில் சட்டம் அவளுடையதுதான். புதன்கிழமை மதியம் அவனுக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ஒரு பாஸ்டியைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் கன்னத்தில் இருக்கும் கருப்பைத் தன் கட்டை விரலால் துடைத்துவிட்டுப் போவாள். முப்பத்தெட்டு வருடக் கல்யாணம். எனக்குப் பொறாமையாக இருக்கும், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜூலை மாதக் காலை. எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம், எலும்பில் இறங்கும் குளிர். டட்லியின் வண்டி நின்றது. நெவில் மண்டி போட்டு, தடவி, "நல்லாத்தான் இருக்கு" என்றான். நான் அட்டையை வாங்கக் குனிந்தபோது டயரில் ரத்தம் வழிந்திருந்தது.

"யாருக்கு அடி? டட்லிக்கா?" என்று அவனே கேட்டான்.

அவன் நடுவிரலைப் பார்த்தேன். டயரின் உள்ஓரம் தேய்ந்து உள்ளே இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது விரலை நகம் வரைக்கும் கிழித்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. விரல்கள் முட்டிவரை மெழுகு போல வெளுத்துப் போயிருந்தன.

இந்தச் சுரங்க ஊரில் அதைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லும். சுரங்கத்தில் பாறை துளைக்கிற மெஷினைப் பிடித்தவர்களுக்கு வருகிற வெள்ளை விரல். என் அப்பாவுக்கு இருந்தது. கிளெனிஸின் அப்பாவுக்கும் இருந்தது. நெவில் சுரங்கத்துக்கே போனதில்லை. ஆனால் முப்பத்தோரு வருடம் நட்டு கழற்ற ஏர் கன் பிடித்தவன். அதுவும் அதிர்கிற சாமான்தானே. நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"போன குளிருக்கு முன்னாடியே இருந்து. மொதல்ல குளிர்ல மட்டும் இருந்துச்சு. இப்ப எப்பவும்தான்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா ஏர் கன்னைத் தொடாதேம்பாங்க. வீட்டுக்குப் போம்பாங்க." துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "கிளெனிஸ்கிட்ட சொல்லாத. அவங்கப்பாவுக்குச் சாகற வரைக்கும் சட்டைப் பட்டன் அவதான் போட்டுவிட்டா. இன்னொரு தடவை அவ அதைப் பாக்க வேணாம். யார்கிட்டயும் சொல்லாத."

"நீ ஒரு மடையன்."

"சரி. சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். வாயாடி என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கிய நான், வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். அதை அன்றைக்கே போட்டு உடைத்திருக்க வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று முதல் ஒரு கூத்து நடந்தது. வண்டி வந்ததும் நெவில், "கோரல், அட்டையைக் கொண்டா" என்பான். நான் போய், பேனாவைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் டயரைத் தடவுவேன். "போறப்ப வழுவழு, வர்றப்ப வெட்டுது" என்று முணுமுணுப்பேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வண்டிக்காரரிடம் தீர்ப்பு சொல்வான். இரண்டு வருடத்தில் எத்தனை தடவை பேனாவைப் போட்டிருப்பேன், கணக்கே இல்லை. கோரலுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

ஒருநாள் கடையை மூடும் நேரத்தில் ஒரு வண்டி. வீட்டுக்குப் போகிற அவசரம் எனக்கு. லேசாக வெட்டியது, ஆனால் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டேன். நெவில் மெஷினை மாட்டினான். திரையில் சிவப்பு வந்தது. வண்டிக்காரர் போன பிறகு என் பக்கம் வந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"எனக்குப் பிடிச்சதைச் சொல்லாத கோரல். கை சொன்னதைச் சொல்லு. எனக்கு வேற கை இல்ல."

அதன் பிறகு ஒரு டயரில்கூட நான் பொய் சொன்னதில்லை.

பிப்ரவரியில், நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கிளெனிஸ் கொடிக்குக் கீழே விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. வலது பக்கம் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. கண் பாதி மூடியபடியே இருந்தது. நெவில் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துவிட்டான். கடையில் ஆள் இல்லாததால் என்னால் உடனே போக முடியவில்லை. போனில் விசாரித்தால், "அப்படியேதான் இருக்கா" என்பான்.

மூன்றாம் நாள் மதியம், புதன்கிழமை, ஒரு பாஸ்டி வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு மணிக்கு விமானம் என்றார்கள். கிளெனிஸை அடிலெய்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள்.

கிளெனிஸின் அம்மாவை அப்படித்தான் அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் அங்கேயே இறந்து, பெட்டியில் திரும்பி வந்தாள். என்னை மட்டும் அந்த விமானத்தில் ஏற்றிவிடாதே என்று கிளெனிஸ் நெவிலிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

நெவில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இடது கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து மூடியிருந்தான். அவள் கை வெளியே தெரியவே இல்லை.

"ஏன் நெவில் அனுப்புற? அவ போகமாட்டேன்னுதானே சொல்லுவா?"

"அது நல்லா இருந்தப்ப சொன்னது. இப்ப அங்க ஆபரேஷன் பண்ணா பிழைக்க ஒரு சின்ன வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொல்றார். மகளும் அங்க காத்துக்கிட்டிருக்கா. அவளோட வாய்ப்பை நான் எப்படிப் பறிக்கிறது? அவளே சொல்லட்டும்னு கேட்டுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல, கோரல். அவ உள்ளே இல்ல."

"எப்படிக் கேட்ட?"

"மத்தவங்க கேட்டா முழிக்கமாட்டேங்கிறா, வீட்டுக்காரர் குரலுக்குப் பதில் சொல்லலாம், இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே கேளுங்கன்னு டாக்டர் சொன்னார். ஒரு அமுக்குன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. மூணு நாளா விடாம பிடிச்சிருக்கேன். ஒரு தடவைகூட அமுக்கல."

பாஸ்டி என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"கையை எடு" என்றேன்.

"என்ன?"

"உன் கையை எடு, நெவில்."

அவனுக்கு அப்போதும் புரியவில்லை. டயர்தான் தெரியவில்லை, கிளெனிஸின் கைகூடவா தெரியாமல் போகும் என்று அவன் நினைத்திருந்தான். பின்னால் ஒருநாள் அவனே என்னிடம் சொன்னது இது. பாவி மனுஷன்.

அந்தச் சின்னக் கையை வாங்கி என் கைக்குள் வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"கிளெனிஸ், நான் கோரல். நெவிலுக்கு விரல் மரத்துப் போயிருக்கு. உங்கப்பாவுக்கு வந்த அதே நோவு. உன்கிட்ட மறைச்சுட்டான், நானும் மறைச்சுட்டேன். நீ அமுக்கியிருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் பேசுறது கேக்குதா?"

ஒரு அமுக்கு. லேசானது, ஆனால் சந்தேகமே இல்லை.

"என்ன சொல்றா?" என்றான் நெவில். கடையில் கேட்கிற அதே கேள்வி, அதே குரல்.

"கேக்குதுங்கறா."

"நான் கேட்டப்பவும்? மூணு நாளும்?"

அவளிடம் கேட்டேன். ஒரு அமுக்கு. நான் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். எழுந்து, இரண்டு கையையும் கட்டில் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தான். நர்ஸ் ஓடிவந்து பிடித்தாள். அவனுக்கு வலித்திருக்காது. அதுதான் கொடுமை.

அப்புறம் நானே கேட்டேன். இங்கேயே இருக்கிறாயா? ஒன்று. அடிலெய்டு போகிறாயா? இரண்டு. டாக்டரும் வந்து என் பக்கத்தில் நின்று இன்னொரு தடவை கேட்கச் சொல்லி, அவளுடைய விரலைக் குனிந்து பார்த்தார். விமானம் காலியாகத் திரும்பிப் போனது. மகள் ரொசலின் ஐந்நூறு கிலோமீட்டர் காரோட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தாள்.

இரண்டு நாள் இருந்தாள் கிளெனிஸ். நான் கடைக்குப் போகவில்லை. ஒரு பக்கம் அவள் கை, மறுபக்கம் அவன். நடுவில் நான். வீட்டு எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டேன், சந்தோஷமா என்று கேட்பான். ஒன்று. நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கணுமா? ஒன்று. ரொசலின் புருஷனை இப்பவாவது உனக்குப் பிடிக்குதா? இரண்டு. ரொசலின் அழுதுகொண்டே சிரித்தாள். நெவிலும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ரொசலின் டீ வாங்கப் போயிருந்தாள். நெவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். இரண்டு நாளாக அவன் கேட்காமல் வைத்திருந்த கேள்வி இது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த மூணு நாளும் நான் உன்னைக் கைவிட்டுட்டேன்னு நெனச்சியா, கிளெனிஸ்?"

நான் காத்திருந்தேன். பிறகு அவள் விரல்கள் என் கையை அமுக்கின. ஒரு தடவை. அவ்வளவுதான். அடுத்தது வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

"என்ன சொல்றா?"

"ரெண்டு" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "கை சொன்னதையா சொல்ற?"

"கை சொன்னதைத்தான் சொல்றேன், நெவில். ரெண்டு தடவை."

அவன் தலையை ஆட்டினான். அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டான். அந்த அறையில் என்னைச் சரிபார்க்க மெஷின் எதுவும் இல்லை.

ஆனால் கிளெனிஸுக்குக் காது கேட்கும். நான் சொன்னதை அவளும் கேட்டாள். நான் சொல்லி முடித்த பிறகு அவள் கை இன்னொரு தடவை அமுங்கியது, ரொம்ப மெல்ல. அதற்கப்புறம் அது அசையவே இல்லை. பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிட்டது.

நெவில் அந்த வாரமே வேலையை விட்டான். அதன் பிறகு ஐந்து வருடம் உயிரோடு இருந்தான். புதன்கிழமைகளில் நான்தான் பாஸ்டி கொண்டுபோவேன். குளிர் காலத்தில் சட்டைப் பட்டனையும் போட்டுவிடுவேன். அந்தக் கேள்வியை அவன் மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கடைசியாக வந்த அந்த அமுக்கு, பொய் சொல்லாதே என்று எனக்குச் சொன்னதா, அல்லது போகட்டும், இரண்டாகவே இருக்கட்டும் என்று அவனுக்காகக் கொடுத்ததா, எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்றுதான் கூட்டிக்கொள்கிறேன். சில நாள் அப்படிக் கூட்ட மனசு வருவதில்லை.