கறுத்துப்போன டீ

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு விற்கும் வேலம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. ஆனால் மருமகள் அம்பிகா என்றால் உருகிப்போவாள். பெற்றிருந்தால்கூட அவ்வளவு பாசம் இருந்திருக்குமா தெரியாது.

அம்பிகா முழுகாமல் இருந்தபோது ரத்தம் குறைவு என்று நர்ஸ் நிவேதா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கோ" என்றாள். புருஷன் கடலுக்குப் போனால் படகு கரையேறும்வரை பெண்டாட்டி சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். டீ குடிக்கலாம். வேலம்மா விடியலில் பாலில்லாத டீயைக் கெட்டியாகப் போட்டு, மாத்திரையை அதோடு விழுங்கவைத்துவிட்டுத்தான் கருவாட்டுக் கூடையைத் தூக்குவாள்.

ரத்தம் ஏறவே இல்லை.

"மாத்திரய தூக்கிப் போடறீங்களா?" என்று நிவேதா சத்தம் போட்டாள்.

வேலம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா பேசற நீ? எங்கையால குடுக்கறேன்!" என்று காலி அட்டைகளை அள்ளிக் காட்டினாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற ஊசி போடச் சொன்னார்கள். அதற்குள் வலி கண்டுவிட்டது. குழந்தை பிழைத்தது. உதிரம் நிற்காமல் அம்பிகா போய்ச் சேர்ந்தாள். பாவி மகள், வளைகாப்பு வளையலைக்கூடக் கழற்றவில்லை.

காரியம் முடிந்தபின் நிவேதா குழந்தையை எடை பார்க்க வந்தாள். சோறு இறங்காமல் கிறுகிறுத்துக் கிடந்த வேலம்மா, மிஞ்சிய மாத்திரை ஒன்றை எடுத்தாள். தொண்டையில் இறங்காது என்று உடைத்து, டீயில் போட்டுக் கலக்கினாள். சிவந்திருந்த டீ மையாகக் கறுத்தது.

"இன்னாம்மா இது, கெட்டுப்போச்சா?"

"மாத்திர நல்லாத்தான் இருக்கு ஆயா. அது இரும்பு உப்பு. டீயோட துவர்ப்பு அதப் புடிச்சுக்கும். அப்பறம் ஒடம்புல சரியா சேராது."

"அப்போ அவ முழுங்குனது?"

நிவேதா குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். டீயைப் பற்றித் தானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

படகிலிருந்து வந்த மகன் ரஞ்சித் வாசலில் நின்றான். அவர்கள் பேசியது எதுவும் அவன் காதில் விழவில்லை. அம்மாவை நர்ஸ் மறுபடியும் குறைசொல்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

"எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர். ஒரு நாள்கூட மறக்கல. மாத்திரயும் டீயும் அது கையாலதான் குடுத்துச்சு" என்றான்.

வேலம்மா முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.