கரடியின் கசெற்றும் சிஞ்ஞோர் தூரியும்

சிஞ்ஞோர் தூரி இன்று காலை போய்விட்டார். அவருடைய மகள்தான் போன் எடுத்துச் சொன்னாள்... நித்திரையிலேயே போனாராம்.

அழுதேன். அழுது முடித்ததும் வாயில் வந்தது "ஆண்டவரே, நன்றி" என்பதுதான். தப்பாக நினைக்காதீர்கள். போன மாதம் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்று நான் எப்படி இருந்திருப்பேனோ...

சிசிலித் தீவின் பலேர்மோவில் இருக்கும் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின் தெருவில், பிள்ளைகளின் பிறந்தநாள் கொண்டாடும் ஒரு பிட்சேரியா, பிட்சாக் கடை. மேடையில் ஆள் உயரத்துக்கு மூன்று இயந்திரப் பொம்மைகள். மேளம் அடிக்கும் கரடி, கிற்றார் வாசிக்கும் நரி, பாடுகிற கோழி.

அந்த மூன்றுக்கும் மெக்கானிக் சிஞ்ஞோர் தூரி. அவற்றுக்குத் தூசி தட்டி, ரோமம் வாரி, பிள்ளைகள் பொம்மைகளின் மடியில் அப்பிவிட்டுப் போகும் தக்காளிச் சோஸைத் துடைக்கிறவள் நான். அவர் எனக்குச் சிஞ்ஞோர், அதாவது ஐயா; மேரி என்ற என் பெயர் அவருக்கு மரியா.

முதல் நாள் நரியின் தோலைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே வெறும் இரும்பும் காற்றுக் குழாயும்... மேலே இரண்டு கண்கள் என்னைப் பார்த்து இமைத்தன. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"பயப்பிடாதையும் மரியா. உம்மைவிட அது நல்ல வேலைக்காரன். பூசைக்குப் போகவேணும் எண்டு ஞாயிற்றுக்கிழமை லீவு கேக்கிறேல்லை."

பொம்மைகளை ஆட்டுவது கசெற். நாடாவின் அகலத்தில் ஒரு பாதியில் பாட்டு ஓடும், கூடவே மறு பாதியில் கீச்சென்று ஓர் இரைச்சல். எப்போது இமைக்கவேண்டும், எப்போது வாய் திறக்கவேண்டும் என்று கரடிக்குச் சொல்வதே அந்த இரைச்சல்தான். எனக்கு அது அப்போது தெரியாது.

எங்கள் ஊர் மன்னாரில் அப்போது சண்டை. வீட்டில் போன் இல்லை, அம்மாவுக்கு வாசிக்கவும் வராது. அதனால் குரலைக் கசெற்றில் பதிந்து, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.

ஒரு நாள், கோயிலில் என்னோடு பாடுகிற ஒருவர் மறுநாளே ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தது. என்னிடம் வெறும் கசெற் இல்லை. மெஷின் அறை அலுமாரியில் பெயர் எழுதாத ஒன்று கிடந்தது. ரேடியோவில் போட்டு, பாட்டுத் தொடங்க முதல் வருகிற ஆரம்பத்தை மட்டும் கேட்டேன், ஒரே இரைச்சல். பழுதாய்ப் போனது என்று நினைத்துவிட்டேன்.

மேல் விளிம்பில் இருந்த ஓட்டையைச் செலோரேப் ஒட்டி மூடினேன். ஒட்டினால் மேலே பதியலாம், எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதானே... "அம்மா, நான் இஞ்சை சுகமாய் இருக்கிறன்" என்று தொடங்கி, பதிந்து, அனுப்பியும் விட்டேன்.

அவர் அதைத் தேடத் தொடங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது, அது சிஞ்ஞோர் தூரி கரடிக்கென்று தானே செய்த சிசிலிப் பாட்டு. ஒவ்வோர் இமையசைவுக்கும் பட்டன் அமத்தி, ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பதிந்தது. வேறு கொப்பி இல்லை.

அந்த வாரம் அலுமாரியை ஒதுக்கியவர் சமையல்காரர் பிப்போ. அவர்தான் குப்பையில் போட்டார் என்று சிஞ்ஞோர் தூரி முடிவு கட்டிவிட்டார். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள்... அதோடு பேச்சு நின்றது.

நான் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவினேன். வாய் திறக்கவில்லை. வேலை போனால் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்க விடும் கடுதாசியும் போய்விடும் என்ற பயம். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாததை இனி எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

கடையை ஒரேயடியாக மூடியபோது பொம்மைகளைக் குப்பைக்குப் போக விடாமல், துறைமுகப் பக்கத்தில் ஒரு கராஜில் வைத்துக் காத்தவர் சிஞ்ஞோர் தூரி. இப்போது சில இளம் பிள்ளைகள் சேர்ந்து அவற்றைத் திருத்துகிறார்கள். அதில் ஒருத்தி என் பேத்தி மெலனி, யூனிவர்சிட்டியில் எலெக்ட்ரோனிக்ஸ் படிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி! பெருமைதான், ஏன் மறைக்கவேண்டும்?

போன மாதம் அவள் வந்து சொன்னாள். "அம்மம்மா, கரடியின்ர ஒரு கசெற் மட்டும் காணேல்லையாம். சிஞ்ஞோர் தூரி வருத்தம் வந்து படுத்துக்கொண்டும் அதைத்தான் கதைக்கிறார்."

அம்மா இறந்த பின் அவருடைய பெட்டி என்னிடம் வந்திருந்தது. நான் அனுப்பிய கசெற்றுகள் எல்லாம் அதற்குள். செலோரேப் ஒட்டியதும்தான்...

எடுத்து அவள் கையில் வைத்தேன். "எடி, இதைப் போட்டுப் பாக்க முதல் நான் அவரோடை கதைக்கவேணும். கூட்டிக்கொண்டு போ."

கட்டிலில் சாய்ந்திருந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

"முப்பது வருசம், மரியா... முப்பது வருசம் நான் பிப்போவோடை கதைக்கேல்லை."

"ஓம். என்னாலைதான்."

"உம்மாலை பாட்டுத்தான் போச்சு. பிப்போ போனது என்ர கழுதைப் பிடிவாதத்தாலை. அந்தப் போனை எடும்."

பிப்போ அன்று பின்னேரமே வந்தார். வாசலிலேயே தொடங்கிவிட்டார். "ஏன்ரா கிழடு, குப்பையிலை வடிவாத் தேடினியோ?"

"அது மன்னாருக்குப் போயிட்டுதடா" என்றார் இவர்.

பிறகு திட்டும் அழுகையும்... நான் கோப்பி போடக் குசினிக்குப் போய்விட்டேன்.

மெலனி ஆட்கள் கசெற்றை லப்ரொப் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முன்பகுதி என் குரல். மிச்சம் பாதிக்கு மேல் அவருடைய பாட்டு, அப்படியே இருந்தது! கராஜில் கரடி ஆடியதை வீடியோ எடுத்து அவருக்குக் காட்டினோம். என் குரல் ஓடும்போது கரடியின் ஒரு இமை மட்டும் துடித்தது.

"பாரும், என்ர கரடிக்குத் தமிழ் விளங்குது" என்றார்.

மூன்று தரம் போடச் சொன்னார். மூன்று தரமும் பிப்போ கட்டிலிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தார்.

சற்று முன் பிப்போ போன் எடுத்தார். "மரியா, சவப்பெட்டியின்ர முன்பக்கம் தூக்கிறது நான்தான். முதுகு ஏலாது எண்டு மகன் மறிக்கிறான். நீர் வந்து அவனுக்குச் சொல்லும்."

வாறன், சொல்லுறன் என்றேன்.

சுகமாய்ப் போங்கோ, சிஞ்ஞோர் தூரி.