மேல்கம்பி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ்ஸில் காலை மிதித்தவனை இறங்கும்வரை விடமாட்டேன். பாலிடெக்னிக்கில் மார்க்கைத் தப்பாகக் கூட்டிய சாரிடமே மல்லுக்கு நின்றிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள், பேசியே ஆகவேண்டிய நாளில், ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன்.

சிவில் டிப்ளமா முடித்த கையோடு சங்கரன்கோவிலில் ஒரு காண்ட்ராக்டரிடம் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். அப்பாவுக்கு ஆடுகளைத் தவிர வேறு உலகம் கிடையாது. "ஒரு வருசம் பொறுத்துக்கிடுதேன். வேலை நெலைச்சா சரி. இல்லன்னா கல்யாணத்த முடிச்சிருவேன், அப்புறம் என்கிட்ட வந்து குதிக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காண்ட்ராக்டரும் தன் பங்குக்கு, "வருசம் முடியட்டும். தேறினா சூப்பர்வைசரா வச்சிக்கிடுதேன்" என்றார்.

நான் சேர்ந்த அதே மாதம் பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் சென்ட்ரிங் வேலை பழக வந்தார். என்னைவிட ஒரு வயதுதான் கூட. சைட் வழக்கப்படி நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். மில் வேலை பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தவர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அடியில் தகரமும் பலகையும் அடித்து முட்டுக் கொடுத்து நிறுத்துவது சென்ட்ரிங்காரர்கள். இறுகிய பிறகு அடியில் நின்று முட்டுகளைத் தட்டி எடுப்பவர்களும் அவர்களே. சொந்தமாக ஒரு செட் தகரம் வாங்கி, தானே ஆள் வைத்து வேலை எடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை ஒருநாளைக்கு நாலு தடவை சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போகும்.

ஐந்தாவது மாதம் நான் ஒரு கூத்து பண்ணினேன். ஒரு வீட்டில் படிக்கட்டுக்கு வளைத்துக் கட்டிய கம்பி தப்பு என்று கத்தி, பாதிக் கம்பியை அவிழ்க்க வைத்துவிட்டேன். காண்ட்ராக்டர் வந்து என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். அது மாற்றி வரைவதற்கு முந்தைய பழைய தாள். புதிய தாள் என் பைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. கம்பி கட்டுகிறவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. "இனிமே நான் கேக்காம நீ வாயத் தொறக்கக் கூடாது. இன்னொரு தடவை எவன் வேலையையாவது நிறுத்துனேன்னா அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிரு" என்றார் காண்ட்ராக்டர். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பத்தாவது மாதம் ஒரு பூ வியாபாரியின் வீட்டுக்கு மாடி போட்டோம். தெருப்பக்கம் நாலடிக்குப் பால்கனி. ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து அதில் நின்று கூட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று வீட்டுக்காரர் நாள் குறித்து வைத்திருந்தார்.

பால்கனியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். நாலு பக்கமும் சுவரில் உட்காரும் கூரைக்கு நடுவில் கம்பி அடியில் இருக்கவேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் பால்கனிக்குக் கம்பி மேலே இருக்கவேண்டும். மேலே இருந்தால்தான் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். கீழே இறங்கிவிட்டால் அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். மேல்கம்பி அமுங்காமல் இருக்க, துண்டுக் கம்பியைச் சின்ன முக்காலி மாதிரி வளைத்து இடையிடையே கொடுப்போம். ஆள் நடக்கப் பலகை போடுவோம். இதெல்லாம் தெரியாத ஆள் சைட்டில் கிடையாது. ஆனாலும் கான்கிரீட் போடுகிற அவசரத்தில் எல்லோரும் மிதிப்பது அந்தக் கம்பியைத்தான்.

அன்று ராயகிரியிலிருந்து கான்கிரீட் போடும் ஆட்கள் வந்திருந்தார்கள். வேறு இடம் இல்லாததால் கலவையைத் தூக்கும் லிப்டைப் பால்கனிக்கு நேராக நிறுத்தினார்கள். கலவைச் சட்டி தூக்குகிற ஒவ்வொருவரும் பால்கனி மேல் நடந்துதான் உள்ளே போகவேண்டும். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நடக்கப் போட்ட பலகையை லிப்ட் ஆடுகிறது என்று யாரோ எடுத்து அதற்கு அண்டை கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நடந்தவர்கள் எல்லோரும் கம்பி மேலேயே நடந்தார்கள்.

காண்ட்ராக்டர் சைட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்கொரு தடவை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவது என் வேலை. போனைத் தூக்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன். முக்காலிகள் காலை அகற்றிப் படுத்திருந்தன. மேல்கம்பி தகரத்தை ஒட்டிக் கிடந்தது. எடுத்த போட்டோவை அனுப்பவில்லை. குனிந்து கொக்கியால் ரெண்டு கம்பியைத் தூக்கினேன். அடுத்த சட்டிக்காரர் மிதித்து அமுக்கிவிட்டுப் போனார்.

"ஏ பிள்ள, அங்கன என்ன செய்யுத? வழியில நிக்காத" என்று உள்ளிருந்து காண்ட்ராக்டர் சத்தம் போட்டார்.

நிறுத்துங்கள் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஒருவேளை இதிலும் நான் தப்பாக இருந்தால்? மழை வருகிற நேரத்தில் பாதியில் நிறுத்தி, மறுபடி எல்லோரும் சிரித்தால்? இன்னும் ரெண்டே மாதம். நான் ஒதுங்கி நின்றேன். கொட்டினார்கள், பரப்பினார்கள், மட்டப் பலகையால் இழுத்தார்கள். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் எல்லோருக்கும் வடையும் காபியும் வாங்கிக் கொடுத்தார், நானும் வாங்கித் தின்றேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் பட்ட பாடு எதிரிக்குக்கூட வரக்கூடாது. தினமும் பால்கனிக்குத் தண்ணீர் விடுவது நான்தான். விடும்போதெல்லாம் சுவர் ஓரத்தைக் குனிந்து பார்ப்பேன். பஸ்ஸில் போகும்போது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, இந்த ரெண்டு கம்பி மேலேதானே தெரிகிறது என்று என்னையே ஏமாற்றிக்கொள்வேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன், காண்ட்ராக்டரின் முகத்தைப் பார்த்ததும் நாளைக்குத் தள்ளிவிடுவேன். முட்டு நிற்கிறவரை ஆபத்தில்லை என்பது ஒரு சாக்கு.

மத்தியானம் நிழல் விழுவது அந்தப் பால்கனிக்கு அடியில்தான். சென்ட்ரிங் அண்ணன் முட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார், சாப்பிட்டு ஒரு தூக்கமும் போடுவார். நான் எதிர்த்த வீட்டு வாசலில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். "ஏன் தங்கச்சி வெயிலுல உக்காந்திருக்க, இங்கன வாயேன்" என்று கூப்பிடுவார். வெயில் எனக்குப் பிடிக்கும் என்று ஒருநாள் சொன்னேன். என்ன வெட்கங்கெட்ட பதில் பாருங்கள்.

தபசு நெருங்கியது. தெருவில் கூட்டம் வரும், முட்டெல்லாம் வழியை அடைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் நெருக்கினார். "நாளைக்குக் காலைல தட்டிரு" என்று காண்ட்ராக்டர் சென்ட்ரிங் அண்ணனிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். முட்டு முதலில் பால்கனி நுனியில் எடுக்கவேண்டும், பிறகு சுவர்ப் பக்கம். எடுக்கிறவர் அடியில் நிற்கவேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று ராத்திரி மறுபடி அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். வேலை போனால் போகிறது, காலையில் முதல் ஆளாகப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எட்டு மணிக்குத்தான் வேலை தொடங்கும். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று பஸ் நகரவில்லை. காண்ட்ராக்டருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அண்ணனுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. இறங்கி ஓடினேன். தெருமுனை திரும்பும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று மனுஷன் ஏழரைக்கே தொடங்கியிருக்கிறார்.

நுனி வரிசையில் ஆறு முட்டு. மூன்று கீழே கிடந்தது. நாலாவதின் ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெளிய வாங்க."

"இரு தங்கச்சி, இத ஒண்ண எடுத்துட்டு வாரேன்."

"எடுக்காதீங்க. மேல்கம்பி கீழ கெடக்கு. அப்படியே வெளிய வாங்க."

அவர் சுத்தியலை இறக்கி என்னைப் பார்த்தார். விளையாடுகிறேனோ என்று பார்த்திருப்பார். என் முகத்தைக் கண்டதும் வெளியே வந்துவிட்டார்.

அதற்குள் காண்ட்ராக்டரின் பைக் வந்தது. என்னவென்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். நம்பவில்லை. போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், போனோடு மாடிக்கு ஏறினார். மேலே சுவரோரத்தில் அவர் குனிந்தது தெரிந்தது.

"விரிசல் விட்ருக்குடே" என்றார் மேலேயிருந்து. குரல் மாறியிருந்தது. "முடி கனத்துக்கு, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும். எடுத்த முட்டத் திரும்பக் குடுக்கணும். இல்லன்னா மொத்தமா தெருவுல வந்துரும்."

திரும்ப முட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் யாராவது அடியில் போகவேண்டும். அந்த வேலை தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "நான் வாரேன், கம்பைப் பிடிக்கேன்" என்றேன். "நீ ஒதுங்கு" என்றார்.

உள்ளே போனார். முதல் முட்டைத் தோளில் சாய்த்து நிமிர்த்தி, அடியில் ஆப்பை வைத்துத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மேலேயிருந்து பொடி உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது. ரெண்டாவது முட்டு ஒரு விரல்கடை குட்டையாக நின்றது. முட்டு உட்கார்ந்த தரை இறங்கியிருக்கவேண்டும். அவர் நிதானமாக வெளியே கை நீட்டி ஒரு பலகைத் துண்டு கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த அவசரத்தில் அது நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். மூன்றாவது முட்டு இறுகிய பிறகுதான் வெளியே வந்தார்.

பிறகு மேலே சுவரோரமாக உளியால் கொத்திப் பார்த்தார்கள். ஓர் அங்குலத்தில் கம்பி தட்டுப்படவேண்டும். ஓர் அங்குலம் போனது, ரெண்டு போனது, மூன்றும் போனது, கம்பியைக் காணோம். நாலாவது அங்குலம் முடியும்போதுதான் உளி இரும்பில் பட்டது. ஐந்து அங்குலக் கான்கிரீட்டில் அவ்வளவு ஆழத்தில் கிடந்தது. முழுவதையும் உடைத்துவிட்டு வேறு போடுவதென்று வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்.

காண்ட்ராக்டர் என்னைத் திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "அன்னைக்கு நானும் பலகையப் பாத்திருக்கணும்" என்றார். அப்புறம் எல்லோரும் கேட்க, "இந்தப் பிள்ள வந்து சொல்லலன்னா இன்னைக்கு ஒரு உசுரு போயிருக்கும். வருசம் முடியணும்னெல்லாம் இல்ல, ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீதான் சூப்பர்வைசர்" என்றார். பத்து மாதமாக நான் காத்துக்கிடந்த வார்த்தை அதுதான்.

சென்ட்ரிங் அண்ணன் குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் போட்டோவக் காட்டு."

காட்டினேன். அவர் கம்பியைப் பார்க்கவில்லை. மேலே இருந்த தேதியைப் பார்த்தார், கான்கிரீட் போட்ட அன்றைய தேதி. பிறகு போனை என் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கே நீ சொல்லியிருந்தா, ஒனக்கு என்ன ஆயிருக்கும்?"

"வேலை போயிருக்கும்ணே."

"வேலைதான?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஆமா என்றேன்.