அப்பாவின் பதக்கம்

வியட்நாமின் கான் ஹொய் துறைமுகக் கிடங்குக் காவலாளி இக்னாஸ், காரைக்கால் வம்சம். டயர் திருட்டு வழக்கில், தான் திருடவில்லை என்று தொண்டை வறளச் சொன்னார். அரசு கொடுத்த வக்கீல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குடும்பத்தில் போர்ப் பதக்கம் இருந்தால் அங்கே தண்டனை குறையும். அதனால், "இவர் அப்பா பதக்கம் வாங்கியவர், கருணை காட்டுங்கள்" என்றார் வக்கீல்.

"எந்தப் படையில்?" என்றார் நீதிபதி.

பூசை தவறாத இக்னாஸுக்குப் பொய் வரவில்லை. "பிரெஞ்சுப் படைங்க."

பிரெஞ்சுக்காரரை விரட்டிய நாட்டில் இது எடுபடுமா? மூன்று வருஷம் தீட்டினார்கள்.

வக்கீல் கெடுத்துவிட்டார் என்று இக்னாஸ் மேல்முறையீடு செய்தார். பெரிய மனதோடு மறுபடியும் வக்கீல் கொடுத்தார்கள். வந்தவர் தீர்ப்பைப் படித்துக் கொதித்தார்.

"எந்த மடையன்யா உனக்கு வாதாடினது?"

"நீங்கதாங்க."

வக்கீல் அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார்.

"சரி, அம்மா வழியில யாராவது பதக்கம் வாங்கியிருக்காங்களா?"