பசுவின் உயிர்ப்புள்ளி

நெடுந்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் தங்கச்சியும் நானும் ஒரு பகடை விளையாட்டு விளையாடுவோம். கதை சொல்வது அவள்; கதைக்குள் புகுந்து சண்டை பிடிப்பது நான். விதிப்படி ஒவ்வொரு விலங்குக்கும் உயிர்ப்புள்ளி உண்டு. உடம்பு பெரிதென்றால் அதிக முகங்கள் உள்ள பெரிய பகடையை உருட்டி அதைக் கணிப்பாள். உரமான உடம்பென்றால் மேலும் கொஞ்சம் கூட்டுவாள். பூனைக்கு இரண்டு, குதிரைக்குப் பத்தொன்பது. அடிபட அடிபடப் புள்ளி குறையும். ஆனால் கடைசிப் புள்ளி இருக்கும்வரை அந்த விலங்கு முழுப்பலத்தோடு பாயும். சுழியத்தில்தான் விழும்.

மாரிமழை சற்று விட்டிருந்த ஒரு மத்தியானம். நான் ஒரு காட்டெருமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பட்டியிலிருந்து எங்கள் பசு முனகுவது கேட்டது. ஓடினோம். இடப்பக்க வயிறு பானைபோல ஊதி, நாக்கை நீட்டி மூச்சுக்குத் திணறிக்கொண்டு நின்றது. அது சினைமாடு.

மிருகவைத்தியர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். தொலைபேசியில் பிடித்தேன்.

"ஊதின பக்கத்தைத் தட்டிப் பாருங்கோ. மேளம் மாதிரிக் கேக்குதோ?"

"ஓம் டொக்டர்."

"கடல் சரியில்லை, இண்டைக்குப் படகு ஓடாது. என்னால வர ஏலாது. மாட்டைப் படுக்க விடாதேங்கோ. முன்கால் ரெண்டும் மேட்டில நிக்கட்டும். வாயில ஒரு தடியைக் குறுக்க கட்டினா மென்றுகொண்டு நிக்கும், காத்து வெளியேறும். நல்லெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாப் பருக்குங்கோ. தலையை உயத்தினா புரைக்கேறிப்போடும், கவனம்."

எல்லாம் செய்தோம். வயிறு வற்றவில்லை. காதைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. பின்கால்கள் மடங்கத் தொடங்கின. தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தேன்.

"அண்ணை, இதுக்கு இன்னும் எவ்வளவு கிடக்குது?" என்றாள் தங்கச்சி. விளையாட்டில் என்னிடமிருந்து மறைத்து உயிர்ப்புள்ளிக் கணக்கை வைத்திருப்பவள் அவள்தான்.

"எனக்கு என்னண்டு தெரியும்? வயித்தை அமத்து!"

அவள் அழுதுகொண்டே அமுக்கினாள். எனக்கும் ஓர் எண் வேண்டும்போலிருந்தது, சின்ன எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த உடம்பு கொஞ்சங்கொஞ்சமாக என் தோளில் கனத்துக்கொண்டு வந்தது.

திடீரென்று பெரிய ஏப்பம் ஒன்று. புளித்த நாற்றம் எங்கள் முகத்தில் அடித்தது. பிறகு இன்னொன்று. பொழுதுபடுவதற்குள் வயிறு வற்றி, பசு தானாக நின்றது.

மறுநாள் முதல் படகில் வைத்தியர் வந்து பசுவின் பின்புறமாகக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "தாய்க்கு ஒண்டுமில்லை. வயித்துக்குள்ள கண்டும் அசையுது. ஆனா பிறக்குமட்டும் நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

அதன்பின் நாங்கள் இருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாறி மாறிப் பட்டிக்குப் போய்ப் பார்த்தபடியே இருந்தோம். தை பிறந்தபிறகு ஒரு விடியலில் பசு ஒரு நாகுகன்றை, பெண்கன்றை, ஈன்றது. மெலிந்திருந்தது. எழும்ப முயன்று விழுந்து, மறுபடி எழும்பிப் பால் குடித்தது.