சித்திரையில் எடுத்த படம்

காலை ஆறு பத்துக்குத் திருவாரூரில் இறங்கினேன். அங்கிருந்து திருத்துறைப்பூண்டி சுமார் இருபத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் நின்றது. இந்தத் தாலுகா எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். நேரில் வருவது மட்டும் இதுதான் முதல் தடவை.

சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிப்பது என் வேலை. முன்பெல்லாம் அதிகாரிகள் வரப்பில் நடந்து, பயிரைப் பார்த்து, அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் எழுதுவார்கள். நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. போன மாதம் செல்வி என்ற விவசாயியின் புகார் என் மேசைக்கு வந்தது. தன் நஞ்சையை வரைபடத்தில் தரிசு என்று போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பழைய கோப்பைத் திறந்தேன். படம் சித்திரையில் எடுத்தது. அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் மண்ணாகக் கிடக்கும் மாதம். அந்த மண்ணுக்குத் தரிசு என்று நிறம் கொடுத்தவன் நான்தான். அந்த வரைபடத்தை வைத்துப் போட்ட திட்டம் ஒப்புதலாகிவிட்டது, விட்டுவிடு என்றார் மேலாளர். விடுப்புப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

எட்டு மணிக்குத் திருத்துறைப்பூண்டியில் ஆட்டோ பிடித்தேன். மனை பார்க்க வந்தீர்களா என்று கேட்டார் ஓட்டுநர். மெட்ராசிலிருந்து வருகிறவர்கள் இப்போது அதற்குத்தான் வருகிறார்களாம்.

ஏழாவது கிலோமீட்டரில், போனில் சொல்லியிருந்தபடி செல்வி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து நிலங்கள் மனைகளாகிவிட்டன. தரிசு என்பதால் அனுமதி சுலபமாகக் கிடைத்ததாம். மனை போட்டவர்கள் நடுவிலிருந்த வடிகால் வாய்க்காலையும் தூர்த்துவிட்டார்கள். அது என் வரைபடத்திலேயே கிடையாது. படத்தில் தெரியாத அளவுக்குக் குறுகல். ஒரு வாரத்து மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் அவர் வயலில் முழங்கால் அளவு நின்றது. ஒரு பயிரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வேர் அழுகி, வழுக்கிக்கொண்டு வந்தது.

"அந்தப் படத்துக்கு நிறம் போட்டது நான்தாங்க" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப நீங்களே மாத்திடலாம்ல?"

ஒப்புதலான கோப்பை என்னால் திறந்து பார்க்க மட்டும்தான் முடியும் என்று சொன்னேன். கையிலிருந்த பயிரை வரப்பில் வைத்தார். பிறகு, மனுவையாவது சரியாக எழுதிக் கொடுங்கள் என்றார்.

பதினொன்றரைக்கு இருவரும் திருத்துறைப்பூண்டி வந்தோம். தாலுகா அலுவலகத்தில் மனுவைக் கையில் வாங்கவில்லை. கணினியில் பதியச் சொல்லிவிட்டார்கள். ஒரு கணினி மையத்தில் புல எண்ணைத் தட்டியதும் நிலத்தின் வகை தானாகவே வந்து நிரம்பியது. அந்தக் கட்டத்தைத் திருத்த முடியவில்லை.

"என்ன வந்திருக்கு, படிங்க" என்றார் செல்வி. கண்ணாடி கொண்டுவரவில்லை.

"தரிசு."

அச்செடுத்த தாளில், அந்தச் சொல்லுக்குக் கீழே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மணி பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவர், எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது என்று எழுத ஆசைதான். பஸ் பத்து நிமிடம் நின்றது. அவரும் ஜன்னலோரம் நின்றார். நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.