அமெரிக்கப் பாரம் நிரப்புகிறவனின் வயிற்றெரிச்சல்

ஊரான் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பப் பாரம் நிரப்புவது கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற வேலை. வாசம் மட்டும்தான் நமக்கு. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மேசை போட்டிருக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு என் எரிச்சல் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் தடவிய மார்க்

மதிப்பெண் பட்டியலைப் பள்ளியிலேயே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். பிரித்தால் அமெரிக்காவில் செல்லாது. ஆத்தூர் விவசாயி ஒருவர் பிரித்துவிட்டார். பட்டியலைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்து வந்தார். மறுபடி பள்ளிக்கு நடக்க வேண்டும் என்று கத்தினேன். நடந்தார். மகளுக்கு இடமும் கிடைத்தது, அது வேறு வயிற்றெரிச்சல். அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"சாமி பாக்காத மார்க்க அமெரிக்காக்காரன் பாத்து என்ன சார் ஆகப் போகுது?"

பாடத்துக்கு வெளியே

வகுப்பு போக என்ன செய்தாய் என்று பாரத்தில் ஒரு கேள்வி உண்டு. நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள், டியூஷன் போவார்கள். வத்தலக்குண்டுப் பையனுக்கு 'ஒன்றுமில்லை' என்று எழுதப் போனேன். அவன் அம்மா பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சொன்னதைத்தான் எழுதினேன். அதற்கே கல்லூரியில் இடம் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"தினம் பூ மார்க்கெட்ல எடை போடுறான், கணக்கு பாக்குறான். அது என்ன பாடத்துக்கு உள்ளயா சார் இருக்கு?"

ரெண்டு வருஷக் கல்லூரி

லூர்துசாமியும் நானும் பால்ய சிநேகிதர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவன் மகனும் என் மகன் சேவியரும் ஒரே யோசனையோடு வந்தார்கள். அமெரிக்காவில் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் ரெண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாம் வருஷம் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம், செலவு குறைவு. ரெண்டு வருஷம் என்றால் பாலிடெக்னிக், மார்க் இல்லாதவன் போகிற இடம் என்றேன். சேவியரின் பாரத்தைக் கிழித்தேன். லூர்துசாமி என் பேச்சைக் கேட்கவில்லை, அவன் மகனுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையன் சொன்னபடியே மாறி, படித்து, போன கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். கோயில் வாசலில் லூர்துசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் நீ எழுதுன பாரந்தான் மாப்ள. நகலை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்."

வீட்டுப் பாரம்

சேவியர் கொடைரோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். அவன் மகள் ஜெனி இப்போது பிளஸ் டூ. அவளும் அந்த ரெண்டு வருஷக் கல்லூரியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அப்பனும் மகளும் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பி முடித்திருந்தார்கள். ஊருக்கே எழுதுகிறவன் நான், செத்த நேரம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். சேவியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க கிழிச்சிருவீங்கப்பா."

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பிளேன் ஏற்றிவிட்ட கையிடம், பிழை பார்க்கவாவது ஒரு தடவை கொடுத்திருக்கலாம்.